பார்க்காத படமும் வராத கரண்டும்: கம்பம் பள்ளத்தாக்கில் அபிப்பிராயங்களின் வரலாறு

‘அபிப்பிராயம்’ என்கிற சொல்லை நம் சிறுபத்திரிகை உலகம் எப்போதும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் உச்சரித்து வந்திருக்கிறது. க.நா.சு. செய்வது விமர்சனமல்ல, வெறும் அபிப்பிராயம் சொல்லுதல் என்று சி.சு. செல்லப்பா காலத்திலேயே தொடங்கிய சண்டை இது. அலசல் வேண்டும், ஆதாரம் வேண்டும், கோட்பாடு வேண்டும் என்றார்கள். சரிதான். ஆனால் இந்தச் சண்டையில் ஒருவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. க.நா.சு.வின் அபிப்பிராயத்துக்கே இத்தனை மல்லுக்கட்டு என்றால், பழனிசெட்டிபட்டி டீக்கடையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வடையைப் பிட்டுக்கொண்டே ஒரு ஆள் சொல்லும் அபிப்பிராயத்தை எந்தக் கணக்கில் வைப்பது? அதற்கு வரலாறு என்று ஒன்று உண்டா? உண்டென்றால் எழுத வேண்டியது யார்?

தேனியைத் தாண்டிக் கம்பம் ரோட்டில் வரும் பேரூர் பழனிசெட்டிபட்டி. பக்கத்திலேயே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிறது. அதற்கடுத்து வீரபாண்டி, பிறகு சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், மேலே ஏறினால் குமுளி. இந்த ரோட்டோரம் உட்கார்ந்து ஒரு அரைமணி நேரம் காது கொடுத்தால் போதும். ஒருத்தர் புதுப்படத்தில் ஆரம்பிப்பார். படம் சரியில்லை, முதல் பாதி தூங்கிட்டேன் என்பார். பக்கத்தில் இருப்பவர், “எங்கண்ணே, நேத்து ராத்திரி கரண்டே இல்ல, எங்க தூங்குறது” என்று அதைக் கரண்டுக்குத் திருப்பிவிடுவார். கரண்டு காத்தாடிக்குப் போகும், காத்தாடி மழைக்கு, மழை அணைக்கு, அணை கேரளாவுக்கு, கேரளா மறுபடி ஒரு மலையாளப் படத்துக்கு. வட்டம் முடிந்ததும் கிளாஸைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

படித்த நம்மவர்களுக்கு இது தொடர்பில்லாத பேச்சு. சினிமா ஒரு துறை, எரிசக்தி ஒரு துறை, நடப்பு அரசியல் வேறு துறை. பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறோம் அல்லவா? ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் இந்த மூன்றும் வரலாற்று ரீதியாகவே ஒரே குழாயில் வந்து சேர்ந்தவை. குழாய் என்பதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. லோயர் கேம்ப்புக்கு மேலே மலைச்சரிவில் தெரிகிறதே, அந்த இரும்புக் குழாய்களையே சொல்கிறேன்.

1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் மதராஸ் அரசுக்காக இந்திய மந்திரிக்கும் இடையே போடப்பட்ட குத்தகை ஒப்பந்தம் 999 வருடத்துக்கானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருடத்துக்கு 40,000 ரூபாய். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலக்க வேண்டிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது அந்தக் காலத்துப் பொறியியலின் பெரும் சாகசமாகப் பேசப்பட்டது. பேசப்படாதது, காய்ச்சலிலும் காலராவிலும் அந்தக் காட்டில் செத்துப்போன கூலிகளின் கணக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் தண்ணீர் எதற்கு? பாசனத்துக்கு. ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து சும்மா விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த மதராஸ் அரசுக்கு வேறு யோசனையும் வந்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று நீர்மின்சாரம் வந்துகொண்டிருந்த காலம். பெரியாற்றிலும் ஏன் எடுக்கக் கூடாது? திருவிதாங்கூர் மறுத்தது. ஒப்பந்தத்தில் பாசனம் என்றுதானே இருக்கிறது என்றது. தகராறு மத்தியஸ்தத்துக்குப் போய், 1941இல் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி மதராஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். தண்ணீரை வயலுக்கு விடலாம், மின்சாரம் எடுக்கக்கூடாது. அதாவது இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லுக்கு உரிமை இருந்தது, விளக்குக்கு இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தை நடத்தித்தான் லோயர் கேம்ப் பவர்ஹவுஸ் கட்டப்பட்டது. 1958இல் ஓடத் தொடங்கியது. 35 மெகாவாட் வீதம் நான்கு எந்திரங்கள், நான்காவது 1965இல். ஆக 140 மெகாவாட். அதன் சட்டபூர்வமான ஒப்பந்தம் 1970 மே மாதம்தான் கையெழுத்தாயிற்று. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயானது, மின்சாரத்துக்குத் தனியாகப் பணம், மீன்பிடி உரிமை கேரளத்துக்கு. இன்றைக்குத் ‘தூய எரிசக்தி’ என்று நாம் பரவசத்தோடு சொல்கிறோமே, அது இங்கே கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு வழக்குக் கட்டாகத்தான் இருந்தது.

அதே 1958. மொழிவழி மாநிலங்கள் பிரிந்து ஒன்றரை வருடமே ஆகியிருந்தது. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போய்விட்ட மனக்குறை பள்ளத்தாக்கில் ஆறாமல் கிடந்தது. அந்தத் தேவிகுளம் தொகுதிக்கு அந்த வருடம் இடைத்தேர்தல். ஈ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசுக்கு அது கௌரவப் பிரச்சினை. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாட்டுப்பாடி ஓட்டுக் கேட்க மலையேறியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். கூடவே போனவர் அவருடைய தம்பி, பிற்காலத்தில் இளையராஜா என்று நாம் அறிந்தவர். ரோசம்மா ஜெயித்தார். ‘வெகுசனக் கலாச்சாரம்’ என்று நாம் கட்டுரைகளில் எழுதும் விஷயம் இந்தப் பகுதியில் இப்படித்தான் உருவானது. தெரிந்த மெட்டு, ஊர்ப்பேச்சு வார்த்தை, கொட்டு, கூடவே கூலி உயர்வுக் கோரிக்கை. சினிமாவில் போய் முடிந்த ஒரு இசை, எல்லை தாண்டிய ஒரு தேர்தலில் தொடங்கியது என்பதை நம் இசை விமர்சகர்கள் ஒரு சுவையான தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். பவர்ஹவுஸும் பாவலர் பாட்டும் ஒரே வருடத்தில் ஒரே மலைக்கு இரண்டு பக்கமும் நடந்தன. தற்செயல்தான். என்றாலும் டீக்கடைப் பேச்சு ஏன் பாட்டிலிருந்து கரண்டுக்கும் கரண்டிலிருந்து எல்லைக்கும் தாவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல முகாந்திரம் எனக்குக் கிடைக்கவில்லை.

டீக்கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹேபர்மாஸ் ஐரோப்பியக் காபிக்கடைகளில் பொதுவெளி பிறந்த கதையைச் சொன்னதிலிருந்து, நம்மவர்களும் டீக்கடை பெஞ்சைத் தமிழனின் பொதுவெளி என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். திராவிட இயக்கம் படிப்பகத்திலும் சலூனிலும் டீக்கடையிலும் பத்திரிகை வாசித்து வளர்ந்தது என்பது உண்மை. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தியை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்டதும் உண்மை. ஆனால் யார் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள், யார் ஓரமாகக் குத்துக்காலிட்டுக் கேட்டார்கள்? எந்தக் கிளாஸ் யாருக்கு? இரட்டைக் குவளை வைத்திருந்த கடையில் பொதுவெளி எங்கிருந்து வரும்? 1989இல் போடியில் நடந்த சாதிக் கலவரம் இந்த மாவட்டத்து மக்கள் நினைவில் இன்னும் காயாத ரணம். டீக்கடையில் சாதியைப் பற்றிப் பேசமாட்டார்கள், சினிமாவைப் பற்றிப் பேசுவார்கள். எந்த நடிகன் எந்த ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பெண்கள். அந்த பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதே நேரத்தில், அதே ரோட்டில், தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அபிப்பிராயம் ஜீப்புக்குள் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கும் அது முழுதாக எட்டவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கிராம்ஷி பொதுப்புத்தியைப் பல காலத்துப் படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் குப்பைமேடு போலப் பார்த்தார். அதற்குள்ளேயே நற்புத்தியின் பொறியும் கிடக்கும், கிளறித்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். ரணஜித் குஹா விவசாயிகளின் எழுச்சிகளைப் பற்றி 1983இல் எழுதிய நூலில் வதந்தியைக் கீழ்மக்களின் செய்தித்தொடர்பு முறையாகவே வாசித்துக் காட்டினார். இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட மாதத்துக்குள் நுழையலாம். 2011 கார்த்திகை, மார்கழி.

அந்த நவம்பரில் என்னவெல்லாம் நடந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் தலை சுற்றும். இடுக்கிப் பகுதியில் அவ்வப்போது லேசான நில அதிர்வுகள். அணை உடையும், லட்சக்கணக்கில் சாவார்கள் என்ற அச்சம் கேரளத்தில் பரவுகிறது, மனிதச் சங்கிலி நடக்கிறது. நவம்பர் 16ஆம் தேதி ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாட்டு இணையத்தில் வெளியாகி, சில நாட்களில் பழனிசெட்டிபட்டியிலும் எல்லா செல்போனிலும் ஏறிவிடுகிறது. நவம்பர் 24ஆம் தேதி, சோஹன் ராய் இயக்கிய ‘டேம் 999’ என்ற ஆங்கிலப் படத்தைத் தமிழ்நாட்டில் திரையிடத் தமிழக அரசு தடை விதிக்கிறது. மறுநாள் படம் பிற இடங்களில் வெளியாகிறது. இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் மாதக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. மின்வெட்டு ஏறிக்கொண்டே போகிறது. முந்தைய ஆட்சி கொடுத்த இலவசக் கலர் டி.வி. வீட்டில் இருக்கிறது. செப்டம்பரில்தான் புது ஆட்சி மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது, அரசு கேபிளையும் மறுபடி தொடங்கியிருக்கிறது. டி.வி. இருக்கு, கேபிள் இருக்கு, ஃபேன் வரப்போகுது, கரண்டு மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்பட்ட நகைச்சுவை இது. இங்கே மட்டும் அதற்கு ஒரு கூடுதல் கசப்பு இருந்தது, ஏனென்றால் கரண்டு உற்பத்தியாகிற இடம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது.

‘டேம் 999’ படத்தை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வழியில்லை. ஆனால் அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் ஒருவரும் இல்லை. 1975இல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்து பேரழிவு நேர்ந்ததை ஆதாரமாகக் கொண்டதென்று இயக்குநர் தரப்பு சொன்னது. 999 என்ற எண் எதைக் குறிக்கிறது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘நம்ம குத்தகை வருசத்தைத்தான் போட்டிருக்கான்’ என்றார்கள். நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர்கள் எழுப்பினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

கருத்துரிமைக்காகக் கொடி பிடிக்கும் நாம், இந்தத் தடையின்போது என்ன செய்தோம்? பெரும்பாலோர் மௌனமாக இருந்தோம். சிலர் ஆதரித்தோம். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மறுக்கும் உரிமையை மக்களிடமிருந்து அரசு பறித்ததைக் கேள்வி கேட்கவில்லை. அதேசமயம் அந்தத் தடையை வெறும் சகிப்பின்மை என்று சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் எழுதியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு அணையைப் பற்றிய அச்சத்தைச் சினிமாவாக்குவதற்கும், அந்த அச்சத்தின் பேரில் நீர்மட்டத்தை 1979இல் 136 அடியாக இறக்கிய வரலாற்றுக்கும் நடுவே வாழ்கிறவனுக்கு அது ‘வெறும் படம்’ அல்ல. 152 அடி 136 ஆனதில் நனையாமல் போன வயல் அவனுடையது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நஞ்சை 14,707 ஏக்கர் என்பது இங்கே விவசாயிகள் வாயில் மனப்பாடமாக இருக்கும் எண். ஜோசியக்காரன் ராசி சொல்வது போலச் சொல்வார்கள்.

டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். 144 போட்டார்கள், தடியடி நடந்தது. கம்பத்தில், கூடலூரில் கடைகள் நாள் கணக்கில் மூடிக் கிடந்தன. ஐயப்ப பக்தர்கள் வேறு பாதையில் திருப்பிவிடப்பட்டார்கள். கட்சிகள் பின்னால்தான் வந்தன. சனங்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். இதை எழுச்சி என்று கொண்டாடிய கட்டுரைகள் வந்தன. கொண்டாட வேண்டிய அம்சங்கள் இருக்கவும் செய்தன. ஆனால் அந்த ஜீப்புகளை மறந்துவிட்டோம். எல்லை அடைபட்டதும் முதலில் வேலை போனது ஏலத்தோட்டப் பெண்களுக்கு. மலைமேல் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தாக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பிள்ளைகுட்டிகளோடு காட்டுப்பாதையில் இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கத்தில் மலையாளிகளின் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன. நம் பக்கத்தில் நடந்ததை ‘எதிர்வினை’ என்றும் அந்தப் பக்கத்தில் நடந்ததை ‘வன்முறை’ என்றும் எழுதியவர்களில் சிறுபத்திரிகைக்காரர்களும் உண்டு. அடிவாங்கியவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வர்க்கம். இரண்டு மொழியும் பேசுகிறவர்கள்.

இந்த மாதங்களில்தான் பென்னிகுயிக் முழுத் தெய்வமானார். சொத்தை விற்று, பெண்டாட்டி நகையை விற்று அணையைக் கட்டினார் என்கிற கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். கட்டியது மதராஸ் அரசின் பணம், அதாவது சனங்களின் வரிப்பணம். நகை விற்ற கதைக்கு ஆவணச் சான்று கிடையாது. ஆனால் வதந்தி பொய்யென்று நிரூபித்துவிட்டுக் கிளம்புவது வரலாற்றாளரின் வேலையில் பாதிதான். காலனிய அரசின் பொறியாளர் ஒருவருக்கு இந்தக் கதை ஏன் தேவைப்பட்டது? அரசாங்கம் என்றால் எடுக்கும், கொடுக்காது என்பது இந்தச் சனங்களின் நீண்ட அனுபவம். எனவே கொடுத்தது அரசாங்கமாக இருக்க முடியாது, ஒரு மனுசனாகத்தான் இருக்க வேண்டும் என்று பொதுப்புத்தி முடிவு கட்டுகிறது. காமராசர் தேவிகுளம், பீர்மேடு பற்றி ‘குளமாவது மேடாவது’ என்று சொல்லிவிட்டார் என்ற வாசகமும் இந்த வகைதான். எந்த மேடை, எந்த வருடம் என்று டீக்கடையில் யாரும் கேட்பதில்லை. ஒன்று நன்றியின் வதந்தி, மற்றது துரோகத்தின் வதந்தி. 2013 ஜனவரி 15ஆம் தேதி லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தை ஜெயலலிதா திறந்து வைத்தபோது அரசு இந்த நன்றியைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. காய்ச்சலில் செத்த கூலிகளுக்கு மண்டபம் கிடையாது. அவர்களைப் பற்றி டீக்கடையிலும் அவ்வளவாகப் பேச்சு எழுவதில்லை. சொந்தப் பாட்டன் பூட்டனை விட்டுவிட்டு வெள்ளைக்காரனுக்குப் பொங்கல் வைப்பதில் இருக்கும் விசித்திரத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் விசித்திரம் என்று குறித்தாவது வைக்க வேண்டும்.

காத்தாடிக்கு வருவோம். காற்றாலை என்று எழுதுகிறோம், இங்கே எல்லாரும் சொல்வது காத்தாடி. தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடி மாவட்டம் முள்ளக்காட்டில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, முப்பந்தல், கயத்தாறு என்று பரவி, 2000த்துக்குப் பிறகு கம்பம் கணவாய்க் காற்றைத் தேடித் தேனி, ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தன. புரோக்கர்கள் புஞ்சைகளை வாங்கினார்கள். மானம் பார்த்த பூமி, மொச்சையும் சோளமும் விளைந்தால் உண்டு. கிடைத்த விலைக்குக் கொடுத்தவர்கள் அதிகம். காத்தாடி வைத்தவர்களில் மில் முதலாளிகள் உண்டு, காற்றோடு சம்பந்தமே இல்லாத கம்பெனிகளும் உண்டு. முதல் வருடத்திலேயே எந்திர விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள 2012 வரை வழி இருந்தது. 2012இல் அதை எடுத்தார்கள், காத்தாடி நடுவது படுத்துவிட்டது, 2014இல் திரும்பக் கொடுத்தார்கள். சூழலியல் அக்கறைக்கும் வரிக்கணக்குக்கும் இடையே எது எதைச் சுற்றவைத்தது என்று இந்த வருடங்களைப் பார்த்தாலே தெரியும்.

‘காத்தாடி மழையை வெரட்டுது’ என்பது இந்தப் பக்கத்தில் அசைக்க முடியாத அபிப்பிராயம். இதே கருத்து மகாராஷ்டிரத்துச் சாங்லி, சாத்தாரா பகுதிகளிலும் 2003–04 வறட்சியின்போது கிளம்பிப் பெரிய கிளர்ச்சியானது. அறிவியல் இயக்கத்து நண்பர்கள் வந்து, காத்தாடியின் உயரம் சில நூறு அடி, மேகம் அதற்கு ஆயிரக்கணக்கான அடிக்கு மேலே, எப்படி விரட்டும் என்று விளக்கினார்கள். விளக்கம் சரி. யாரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. ஏன் என்று யோசித்தால், கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்று தோன்றுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மேற்கே கொட்டிவிட்டு, கணவாய் வழியாக வறண்டு இறங்கி வருகிறது. ஆடியில் காற்று எவ்வளவுக்கு பலமோ, அவ்வளவுக்கு இந்தப் புஞ்சைகளில் மழை இல்லை. காத்தாடிக்காரன் தேடி வந்ததும் அதே காற்றைத்தான். ஆக, காத்தாடி நிற்கிற இடத்தில் மழை பெய்யாது என்று சம்சாரி பார்த்தது சரியான பார்வை, காரணம் காட்டியதுதான் பிசகு. அந்தப் பிசகுக்குள் வேறொரு கணக்கு இருக்கிறது. நிலத்தை விற்றாயிற்று, மழை நின்றாயிற்று, பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்க வேலி தடுக்கிறது. இவ்வளவும் ஒரே நேரத்தில் நடந்தால் மனிதன் ஒரு காரணத்தைத்தானே தேடுவான்?

2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேல். “நம்ம ஊருல காத்தாடி சுத்துது, நம்ம வீட்டுல ஃபேன் சுத்தல” என்று சொல்லாத ஆள் கிடையாது. இதிலும் ஒரு திருத்தம் வேண்டும். காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. மின்வெட்டு உச்சத்துக்குப் போனது ஐப்பசிக்கு மேல், காத்தாடி ஏறக்குறைய நிற்கிற காலம். காற்று நன்றாக அடித்த மாதங்களில் வெட்டு குறையவும் செய்தது. சில நேரம் வந்த மின்சாரத்தை எடுத்துப்போகப் போதுமான லைன் இல்லாமல் காத்தாடியை நிறுத்தவும் சொன்னார்கள். ஆனால் ‘நம்ம காத்து, கோயம்புத்தூர் மில்லுல கரண்டு’ என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது கணக்கு ரீதியாகவே உண்மை. இங்கே உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்தின் லைனில் ஏற்றி, வேறு ஊரிலிருக்கும் தன் மில்லின் பில்லில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு ஏற்பாடு உண்டு. மிச்சமானதைப் பேங்கில் பணம் போடுவது போலப் போட்டுவைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளவும் செய்தார்கள், அதற்குப் ‘பேங்கிங்’ என்றே பெயர். டீக்கடையில் யாரும் மின்வாரிய விதிகளைப் படித்துவிட்டுச் சொன்னதில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது.

இந்தப் பசித்த இருட்டுக்குள்தான் கூடங்குளம் பற்றிய அபிப்பிராயமும் மாறியது. 2011 கார்த்திகையில் ‘பாவம், மீன்புடிக்கிற சனம்’ என்று இடிந்தகரைக்காக இரங்கிய வாய்களே, 2012 மாசியில் ‘அதத் தொறந்துவிட்டாத் தேவலை’ என்றன. மார்ச் மாதம் அரசு உலைக்கு ஒப்புதல் தந்தபோது எதிர்ப்புக் குரல் பள்ளத்தாக்கில் மிகச் சன்னமாகவே இருந்தது. மின்வெட்டு திட்டமிட்டு ஏற்றப்பட்டது என்று போராட்டக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். அப்படித்தான் என்று நிறுவ என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் இருட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் அபிப்பிராயம் கேட்பதற்கும் வெளிச்சத்தில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அணை உடையுமென்று பயந்த மலையாளியை ‘பயங்காட்டுறான்’ என்றோம். உலை வெடிக்குமென்று பயந்த மீனவனையும் அதே வாய் அதே சொல்லால் சொன்னது. மற்றவன் பயத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பைப் பற்றிச் செயல்பாட்டாளர்கள் தங்களுக்குள் பேசியிருக்க வேண்டிய தருணம் அது. பேசவில்லை.

மூன்றே வருடத்தில் பயம் இந்தப் பக்கம் வந்தது. நீலகிரி சிங்காராவில் இடம் மறுக்கப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம், போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்துக்கு வந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பு. இது மின்சாரம் எடுக்கும் ஆலை அல்ல, அணுக்கழிவுக் கிடங்கும் அல்ல என்று விஞ்ஞானிகள் தலையால் அடித்துக்கொண்டார்கள். சனங்கள் கேட்டது, ‘அப்ப எதுக்கு இந்த மலை?’ வைகோ வழக்குப் போட்டார், மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை விதித்தது. 2022இல் புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டித் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. மலையைக் குடைந்துதான் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது, அந்தக் குடைவுக்குப் பொங்கல் வைக்கிறோம். இன்னொரு குடைவு என்றதும் பதறுகிறோம். முரண் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முதல் குடைவால் வயலுக்கு என்ன கிடைத்தது என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவதில் அவனுக்கு என்ன என்பதை யாரும் அவன் பாஷையில் சொல்லவில்லை.

2018 ஆகஸ்டில் லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்தது. விஜய் சேதுபதி தயாரிப்பு, இளையராஜா இசை. ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வேண்டும், அவ்வளவுதான் கதை. கடைசியில் அவன் தன் கையைவிட்டுப் போன நிலத்தில் நிற்கும் காத்தாடிகளுக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். படம் விருது வாங்கியது, விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். உள்ளூரில் அபிப்பிராயம் இரண்டாகத்தான் இருந்தது. ‘நம்ம கதைய எடுத்திருக்கான்’ என்று பூரித்தவர்கள் ஒரு பக்கம். ‘நம்ம கதைதான, அதக் காசு குடுத்து வேற பாக்கணுமாக்கும்’ என்றவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது அபிப்பிராயத்தை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சினிமாவுக்குப் போவது மூட்டையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கத்தான் என்று நினைப்பவனிடம், திரையிலும் மூட்டையைக் காட்டினால் அவன் என்ன செய்வான்? ஆனாலும் காத்தாடியைத் தூய எரிசக்தியின் சின்னமாக மட்டுமே விளம்பரங்களில் பார்த்துவந்த தமிழ்த்திரையில், அதன் காலடியில் ஒரு ஆளை உட்காரவைத்துக் காட்டிய காரியத்துக்கு ஈடாக நம் கட்டுரைகள் எதையும் செய்யவில்லை.

2025 மார்ச்சில் ‘எம்புரான்’ வந்தபோது பழைய வட்டம் மறுபடி சுற்றியது. அணையைப் பற்றிய காட்சிகள் இருக்கின்றன என்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்த முறை தடை இல்லை, எனவே பார்த்துவிட்டே திட்ட முடிந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 142 அடிக்கு அனுமதி உறுதிசெய்து, அந்த நவம்பரிலேயே தண்ணீர் அந்த அளவைத் தொட்டுவிட்ட பிறகும் பயமும் எதிர்பயமும் அப்படியே இருக்கின்றன. “படத்துல மூணு தடவ ஒடச்சுட்டாங்க, நெசத்துல அது பாட்டுக்கு நிக்குது” என்றார் பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர். பக்கத்திலிருந்த பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “தாத்தா, இன்னைக்கு எத்தன அடி?” என்றான். பெரியவர் எண்ணைச் சொன்னார். கடைக்காரரும் அதே எண்ணை வடைச் சட்டியிலிருந்து திரும்பாமலே சொன்னார். ரோட்டில் ஜீப் ஒன்று குமுளிப் பக்கம் போனது. உள்ளே பெண்கள் சத்தமாக எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், என்னவென்று கேட்கவில்லை.